சாட்சி என்னிடம்தான் வர வேண்டும்

போன மாதம் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் இளம் ஆசிரியை என்னைத் தேடி வந்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தைரியம் வளர என்ன விளையாட்டு வைக்கலாம், என்ன கைவேலை கொடுக்கலாம் என்று கேட்டார். தோட்டப் பாடசாலையில் இருந்த காலத்தில் நான் இந்த விஷயத்தில் பெயர் எடுத்தவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பெயர் எடுத்தது உண்மைதான். படம் கீறச் சொல்லுங்கள், களிமண்ணில் உருவம் பிடிக்கச் சொல்லுங்கள் என்று வாசலில் நின்றபடியே பொதுவாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். உண்மையில் அவருக்கு முன்பே வேறு இரண்டு பேருக்குச் சொல்லியிருக்க வேண்டியது இது.

நாடு சுதந்திரம் அடைந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் மாத்தளை டவுனில் பிறந்தவன். ஆங்கிலப் பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சியை முடித்த கையோடு ஒரு ரப்பர் தோட்டத்துப் பாடசாலைக்குப் போனேன். பல்லேபொல பஸ்ஸில் போய் இறங்கி, கொக்கோ மரங்களுக்கு நடுவே மேலே ஏற வேண்டும். பாடசாலை என்பது ஒரே கொட்டகை. தகரக் கூரை, இடுப்பளவுச் சுவர், உட்கார நாலு வாங்கு. ஐந்து வகுப்பும் அதற்குள்தான். ஆசிரியர் நான் ஒருவன்தான். கொட்டகையோடு ஒட்டிய அறையில் தங்கியிருந்தேன்.

அந்தப் பிள்ளைகளுக்குப் பயம் வீட்டிலேயே பழக்கப்பட்டிருந்தது. கணக்கப்பிள்ளை வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். தோட்டத்துரையின் நாய் வந்தாலும் இறங்கி நிற்க வேண்டும். சப்பாத்துச் சத்தம் கேட்டால் வகுப்பில் பேச்சு நின்றுவிடும். நான் ஒரு கேள்வி கேட்டால் பதில் தெரிந்த பிள்ளையும் முதலில் கதவுப் பக்கம் பார்க்கும். இதை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களைப் பாடத்துக்கு விடாமல் இதற்காக ஒதுக்கினேன். முதலில் ஆளுக்கு ஒரு பயத்தைச் சிலேட்டில் கீறச் சொன்னேன். பிறகு ஆற்றங்கரைக் களிமண்ணைக் கொண்டுவந்து அந்தப் பயத்தை உருவமாகப் பிடிக்கச் சொன்னேன். பிடித்ததை முன்னால் வைத்து அதனோடு பேச வேண்டும். அட்டை வந்தது, மோகினி வந்தாள், ஊசியோடு டாக்டர் வந்தார், நாய் வந்தது. ஒரு பையன் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் ஆளைப் பிடித்து, கையில் ஈர்க்குக் குச்சியையும் செருகியிருந்தான்.

"இது யாருடா?" என்று கேட்டேன்.

"சொன்னா அடிப்பீங்க சார்."

"அடிக்க மாட்டேன்."

"அப்ப நீங்க இல்ல சார்" என்றான். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு என் பிரம்பை எடுத்து அறைக்குள் போட்டவன் பிறகு எடுக்கவில்லை. என் ஆசிரியர் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

அந்த நல்ல நாள் தந்த மிதப்பில்தான் நான் ரப்பர் கொட்டைக்குப் போனேன்.

ரப்பர் காய் வெயிலில் பட்டென்று வெடிக்கும். உள்ளே இருந்து தவிட்டு நிறத்தில், புள்ளி விழுந்து, பளபளவென்று கொட்டை வந்து விழும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். கல்லில் உரசிச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவனின் தொடையில் வைத்துவிட்டு ஓடுவார்கள். நான் பழைய குடைக்கம்பி ஒன்றைச் சூடாக்கி அந்தக் கொட்டைகளில் துளை போட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நூல். பிள்ளை செய்த ஒவ்வொரு சின்னத் தைரியத்துக்கும் நூலில் ஒரு கொட்டை. நூல்களைச் சுவரில் வரிசையாக ஆணியடித்துத் தொங்கவிட்டேன்.

ஆரம்பத்தில் வந்த தைரியங்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகும். பானையை உடைத்ததை அம்மாவிடம் தானே சொன்னது. தங்கச்சியின் காலில் ஏறிய அட்டையைக் கையால் பிடுங்கியது. இருட்டு விலகுமுன் பீலிக்குத் தண்ணீருக்குப் போனது. அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் மற்றவர்கள் கேலி செய்யும்போதும் உட்கார்ந்திருந்தது. இவையெல்லாம் தைரியம் என்று அவர்களுக்கே தெரியாமல் இருந்தது. பெயர் வைத்துக் காட்டியபோது முகம் மாறியது.

பிறகு பொய் வந்தது. "சார், அவன் புடிச்ச பல்லி செத்த பல்லி சார்." "அது செத்தது நான் புடிச்சதுக்கு அப்பொறம் சார்." இதற்காகச் சாட்சி என்று ஒரு விதி வைத்தேன். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பெருமையடித்துச் சண்டை வந்தது. ஒரு தகப்பன் வந்து, கொட்டைக்காகத் தன் மகன் மற்றப் பிள்ளைகளைச் சீண்டுகிறான் என்று குறைப்பட்டார். அதற்கு இன்னொரு விதி வைத்தேன். சாட்சி பார்த்த உடனே நேரே என்னிடம்தான் வர வேண்டும். நடுவில் வேறு யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்தக் கொட்டை இல்லை.

பிள்ளைகளுக்கு அந்த விதி மிகவும் பிடித்துவிட்டது. ரகசியம் பிடிக்காத பிள்ளை உண்டா? உதட்டை இறுக்கிக்கொண்டு ஓடிவந்து, என் காதில்தான் விடுவார்கள். பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் வித்தியாதரிசி வந்தபோது சுவரையும் நூல்களையும் வெகு நேரம் பார்த்துவிட்டு, மாவட்டத்தில் இப்படி ஒன்றைத் தான் பார்த்ததில்லை என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஒரே ஒரு நூல் மட்டும் வெறுமையாகத் தொங்கியது. அது இரண்டாம் வகுப்பில் இருந்த ஒரு பையனுடையது. தகப்பன் வில்கமுவப் பக்கம் காடு வெட்டப் போனவர் திரும்பி வரவில்லை. தாய் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அக்காள் நாலாம் வகுப்பில் இருந்தாள். விடிந்ததும் தாய் மலைக்குப் போய்விடுவாள். பிள்ளைகள் சில நாள் இருவருமாகவும் சில நாள் ஒருவராகவும் தேத்தண்ணிப் போத்தலையும் ரொட்டியையும் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பாடசாலைக்கு வருவார்கள்.

தாயின் மலைக்கும் லயத்துக்கும் நடுவே ஆறு ஓடியது. வண்டிப் பாலத்தால் சுற்றிப் போகலாம். குறுக்கே போவதானால் ஏதண்டை இருந்தது. அது ஒற்றை மரம். கரைக்குக் கரை போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மூங்கில் கட்டியிருந்தார்கள். பெரியவர்கள் தலையில் சுமையோடு அதில் நடப்பார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஓடுவார்கள்.

நூல்கள் தொங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் பயத்தைக் கீறச் சொன்னபோது, அந்தப் பையன் சிலேட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரே ஒரு கோடு இழுத்திருந்தான். வேறொன்றும் இல்லை.

"என்னடா இது?"

"ஏதண்ட சார்."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "புடிக்கிற மூங்கில் எங்கடா? அதக்கூட போடல!"

"அது எனக்கு எட்டாது சார்" என்றான். கத்தியவனுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வளர்ந்தால் எட்டும், எட்டும்வரை பயந்துகொண்டே இருப்பாயா, அதைத் தாண்டுகிற அன்றைக்கு உனக்கு முதல் கொட்டை என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் கோடு கீறிய அந்தச் சிலேட்டை வாங்கி எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினேன்.

இத்தனை வருஷம் கழித்து அந்தப் பதிலை நினைத்துப் பார்க்கிறேன். அந்த வயதில் அவன் சொன்னது ஓர் அளவு. மூங்கில் பெரியவர்களின் கைக்குக் கட்டப்பட்டது, என் கைக்கு எட்டவில்லை என்று சொன்னான். பயந்த பிள்ளையின் பேச்சாக அதை நான் எடுத்துக்கொண்டேன். மோகினி, நாய், ஊசி என்று மற்றப் பிள்ளைகள் சொன்ன இடத்தில் உண்மையான ஆபத்து ஒன்றைச் சரியாகப் பார்த்துச் சொன்னவன் அவன் ஒருவன்தான். இத்தனை பேர் சிரிக்கும்போது அதைச் சொன்னதற்கே அவனுக்கு ஒரு கொட்டை கொடுத்திருக்க வேண்டும். அந்த நாளிலேயே அவன் நூலின் வெறுமை நீங்கியிருக்கும்.

பிள்ளைகள் அவனுக்கு 'நூலு' என்று பெயர் வைத்தார்கள். "டேய் நூலு, பீலிக்கு வாறியா?" "நூலு வரமாட்டான், அறுந்துருவான்." நான் கேட்டும் கேட்காததுபோல இருந்தேன். கேலி அவனை உசுப்பும் என்று ஒரு கணக்கு. ஒருநாள் அக்காள் தன் நூலிலிருந்து ஒரு கொட்டையைக் கழற்றி, தம்பியின் நூலில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினாள். தைரியத்தை இரவல் கொடுக்க முடியாது என்று சொல்லி அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். நல்ல வசனம் சொல்லிவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். அவள் அதை மறுபடி தன் நூலில் கோர்க்கவில்லை. பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கியது. அன்றைக்கு எங்கள் பக்கம் வெறும் தூறல்தான். மரப்பட்டை நனையாததால் பால்வெட்டும் நடந்தது. ஆனால் மேல்மலையில் பெரிய மழை. காலையில் முகம் கழுவும்போதே ஆற்றின் இரைச்சல் கூடியிருந்ததைக் கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, நான் பெயர் கூப்பிடத் தொடங்கும்போது அந்த அக்காள் ஓடிவந்தாள். தனியாக வந்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். நேரே என் நாற்காலிக்கு வந்து, விதிப்படி என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"சார், தம்பி ஏதண்டையில ஏறிட்டான் சார். பாதிக்கு மேல போயிட்டான். அக்கா பாத்துக்க, பாத்துக்கன்னு சொல்லிக்கிட்டே போனான். நான் பாத்துட்டு ஓடியாந்துட்டேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு, அதைவிடப் பெருமையாக மற்றதைச் சொன்னாள். "வழியில யாருகிட்டயும் சொல்லல சார். பால் ஸ்டோர்ல மாமாங்க எல்லாம் என்னா புள்ள ஓடுறேன்னு கேட்டாங்க. வாயத் தொறக்கவே இல்ல."

"நல்ல பிள்ளை" என்றேன்.

அக்கரை சேர்ந்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. மரம் ஈரமா என்றும் கேட்கவில்லை. ஆற்றின் இரைச்சல் மறுபடி காதில் விழுந்தது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, போய்விட்டது. டப்பாவைத் திறந்து, இருக்கிற கொட்டைகளில் பெரியதாக, புள்ளி அழகாக விழுந்த ஒன்றைத் தேடினேன். முதல் கொட்டை அல்லவா? குடைக்கம்பியை விளக்கில் சூடாக்கி, வெடிக்காமல் மெதுவாகத் துளைத்தேன். பிள்ளைகள் எல்லோரும் வாங்கிலிருந்து எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். "நூலுக்கா சார்? நூலுக்கா?" என்று கேட்டார்கள். இனி அந்தப் பெயர் இல்லை என்றேன். நூலை இறக்கி, கொட்டையைக் கோர்த்து, முடிச்சுப் போட்டு, திரும்ப ஆணியில் மாட்டினேன். அக்காள் கைதட்டினாள். அவன் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு வருவான் என்று எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு பாடம் படித்தார்கள்.

அவன் அதற்கு முன்பே தண்ணீரில் இருந்தான். எப்போது விழுந்தான் என்று யாருக்கும் தெரியாது. அக்காள் திரும்பிய உடனேயா, அக்கரை தொடும் இடத்திலா, தெரியாது. வெட்டிய ரப்பர் பாலைக் கொண்டுவந்து சேர்க்கும் பால் ஸ்டோர் அந்த இடத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரம். அங்கே ஆண்கள் நின்றிருந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்கள். அவள் அவர்களைத் தாண்டித்தான் ஓடிவந்தாள். அக்கரைக்குப் போகும்வரை நின்று பார்க்க விடாமலும், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல விடாமலும் அவளை ஓட வைத்தது என் விதி.

மத்தியானத்துக்கு முன்னால் கீழே துணி துவைக்கும் பாறையருகே கண்டெடுத்தார்கள். பால் ஸ்டோரில் நின்றவர்களில் ஒருவர் பாடசாலை வாசலில் வந்து நின்று, பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். என்ன என்று கேட்பதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காளுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் வாசலைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நூலைத்தான் பார்த்தாள்.

பின்னேரம் லயத்துக்குப் போனேன். தாய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ரப்பர் பால் காய்ந்து ஒட்டிய கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் தேத்தண்ணி ஆறிப்போய் வந்ததாம். அதனால் காலையில் போகும்போது மகனிடம், வெரசா கொண்டா தம்பி என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

"நான் வெரசான்னு சொன்னேனே. அந்த ஒரு சொல்லச் சொல்லாம இருந்திருந்தா சுத்திக்கிட்டுத்தான வந்திருப்பான் எம்புள்ள. பயந்த புள்ளையாச்சே. எனக்காகத்தான ஏறினான்."

சுற்றி நின்ற பெண்கள் அவளைத் தேற்றினார்கள். தேற்றியவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை. பெரிய கங்காணியும் அதைத்தான் சொன்னார். தாய்க்குச் சூடாகக் கொடுக்க வேண்டுமென்று குறுக்கு வழியில் வந்த பிள்ளை என்று ஊர் முடிவுசெய்துவிட்டது. அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். உன்னால் இல்லை அம்மா, என்னால் என்று. வாய் வரை வந்தது. பொலிஸ் வரும், மரண விசாரணைக்காரர் வருவார், துரைக்குப் போகும், வித்தியாதரிசிக்குப் போகும் என்று வரிசையாக எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நின்றுகொண்டிருந்தேன்.

அக்காள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு உத்தரவு கேட்கிற பார்வை அது. அவளைப் பீலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நான் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"நீ கூட இருந்தேன்னு சொன்னா, தம்பிய தனியா விட்டுட்டு ஏன் வந்தேன்னு கேப்பாங்க. அம்மாவும் கேப்பா. ஒண்ணும் சொல்லாத. யாருகிட்டயும்."

அவள் தலையை ஆட்டினாள். அது அவளுக்குத் தெரிந்த விதிதான்.

பயத்தை உருவமாகப் பிடித்து அதனோடு பேச வேண்டும் என்று நான்தான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்று பீலியடியில் என் பயத்தைப் பிடித்து அந்தப் பெண்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டேன். என் பயத்துக்காக அவளைக் குற்றவாளி ஆக்கினேன். அதுவரை அவளுக்கு, தம்பியை விட்டுவிட்டு வந்தோம் என்ற எண்ணம் வந்திருக்குமோ என்னவோ தெரியாது. வராமலே போயிருக்கலாம். அந்த எண்ணத்தைச் சொல்லாக்கிக் கொடுத்தவன் நான்.

அடக்கம் மறுநாள். புறப்படுவதற்கு முன்னால் தாய் என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"வாத்தியாரையா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எல்லாப் புள்ளைக்கும் கொட்ட இருக்கு, எனக்கு மட்டும் இல்லன்னு தெனம் அழுவான். அவன் ஒண்ணும் செய்யலதான். தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு கொட்ட அவன் நூல்ல போட்டுக் குடுங்க. கூட வச்சு அனுப்புறேன்."

கொட்டை ஏற்கனவே அந்த நூலில் இருந்தது. அவன் சம்பாதித்த கொட்டை. நான் பாடசாலைக்குப் போய் அதை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, இப்போதுதான் கோர்த்ததுபோல அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் காலைத் தொட வந்தாள். அக்காள் பக்கத்தில் நின்றாள்.

விசாரணை சுருக்கமாக முடிந்தது. தாய்க்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் வழியில் தவறி விழுந்த மரணம். என்னிடம் பையனின் வயதை மட்டும் கேட்டார்கள். மூங்கிலை இறக்கிக் கட்டுவதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மற்ற நூல்களையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். கொட்டைக் காலம் முடிந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள், அல்லது நம்பியதுபோல இருந்தார்கள்.

நான் கத்தோலிக்கன். டவுன் கோவிலுக்குப் போய்ப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரு பொய் சொன்னேன் சுவாமி என்றேன். அவர் அதற்குரிய ஜெபத்தைச் சொல்லச் சொல்லி மன்னித்தார். பொய் சொன்னது உண்மைதான். அவருக்குச் சொன்ன அளவுக்கு அது உண்மை. அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு சில வருஷம் ஓட்டினேன்.

அக்காள் அந்த வருஷமே பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளில் தாயோடு மலைக்குப் போகத் தொடங்கினாள். பாதையில் என்னைக் கண்டால் இறங்கி நிற்பாள். கணக்கப்பிள்ளைக்கும் துரையின் நாய்க்கும் இறங்கி நிற்பதுபோல. தாய் நின்று பேசுவாள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தக் கொட்டையில் வந்து முடியும். எரக்கப்பட்டுப் போட்டுக் குடுத்தீங்களே ஐயா என்பாள். அவள் அதற்குப் பிறகு 'வெரசா' என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை என்று லயத்துப் பெண்கள் சொன்னார்கள். அடுப்பில் பால் பொங்கினாலும், மழை வந்து துணி நனைந்தாலும், மகளிடம் மெதுவா வா, மெதுவா வா என்றுதான் சொல்வாளாம்.

பிறகு எனக்கு டவுன் பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தது. வித்தியாதரிசியின் நல்ல வார்த்தையால்தான் கிடைத்தது.

இப்போது அந்த இளம் ஆசிரியைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். படம் கீறச் சொல்லுங்கள், களிமண் கொடுங்கள், நாடகம் போடுங்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளை தன் பயத்தைக் கீறிக் காட்டும்போது முதலில் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பயம் சரியாகவும் இருக்கலாம். மூங்கில் எட்டுகிறதா என்று அந்தப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். தைரியத்தைச் சுவரில் தொங்கவிடாதீர்கள். தொங்கவிட்டால் வெறும் நூலும் கூடவே தொங்கும். பயமாக இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்கிற பிள்ளையை நன்றாகக் கவனியுங்கள், அதற்கு மேல் ஒரு தைரியத்தை அந்தப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். எது நடந்தாலும் பக்கத்தில் இருக்கிற பெரியவரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். ஆசிரியருக்கென்று எந்த ரகசியமும் வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் தோட்டம் தோட்டமாகப் புறப்பட்டார்கள். அந்தத் தாயும் மகளும் அதில் இருந்தார்கள். யாரோ சொல்லித் தெரிந்து மாத்தளை ஸ்டேஷனுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வீட்டிலிருந்து நடந்து போகும்போது வாக்கியங்களைக் கூடத் தயார் செய்துகொண்டேன். ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், கோழிகளைக் கடைசி நேரத்தில் யாருக்காவது கொடுத்துவிடப் பார்க்கிறவர்கள், கட்டிப்பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறவர்கள். தாய் தலை நரைத்துப் போயிருந்தாள். மகள் பெரிய பெண்ணாகிவிட்டாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. புருஷன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

தாய் என்னைக் கண்டதும் கும்பிட்டாள். "எம்புள்ளைய இங்கயே விட்டுட்டுப் போறேன் ஐயா. அந்தக் கொட்டயாச்சும் அவன்கூட இருக்கு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். கோச்சி ஊதியது. தாயைக் கைபிடித்து யாரோ உள்ளே ஏற்றினார்கள். சாருக்குச் சொல்லிட்டு வா என்று அவள் மகளிடம் உள்ளேயிருந்து சொன்னாள்.

மகள் என் பக்கத்தில் வந்தாள். குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, சின்ன வயதில் குனிந்ததுபோலவே கொஞ்சம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லல சார். இன்னும் யாருகிட்டயும் சொல்லல."

அவள் முகத்தில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாட்சி சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றாள். கடல் தாண்டுவதற்கு முன்னால் அவளை அந்த விதியிலிருந்து அவிழ்த்துவிட ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆளாக நான் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இனிச் சொல்லலாம் அம்மா, அம்மாவிடம் போய்ச் சொல், நான் சொல்லச் சொன்னேன் என்று சொல். அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. கோச்சி அசையும்வரை அதற்கு நேரம் இருந்தது.

"நல்ல பிள்ளை" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.